இரும்பு முந்தியது, கண் பிந்தியது: நவீனக் கட்டடக்கலை உருவான விதம்

இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றின் குறுக்கே 1779-இல் நிறுத்தப்பட்ட இரும்புப் பாலத்தை நெருங்கிப் போய் அதன் மூட்டுகளைப் பார்க்க வேண்டும். பாலம் முழுக்க வார்ப்பிரும்பு. ஆனால் துண்டுக்குத் துண்டு சேர்த்திருக்கும் விதம் தச்சருடையது. துளை விட்டு அதில் கழுந்தைச் செருகியிருக்கிறார்கள். புறா வால் போல விரிந்த கூட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆட்டம் கொடுக்காமலிருக்க ஆப்பு வைத்து இறுக்கியிருக்கிறார்கள். 100 அடி அகலத்தை அதற்கு முன் யாரும் இரும்பால் தாண்டியதில்லை. கைக்குப் பழகியிருந்தது மரவேலை, அதையே இரும்பிலும் செய்துவிட்டார்கள்.

அந்தப் பாலத்துக்கு ஆன இரும்பு 378 டன். சுமார் 1,700 துண்டுகள். ஒரே மாதிரி இருக்க வேண்டிய துண்டுகள்கூட ஒன்றுக்கொன்று சில சென்டிமீட்டர் வேறுபடுகின்றன. அதனதன் இடத்துக்கு ஏற்றபடி தனித்தனியாக வார்த்திருக்கிறார்கள். பதினேழே ஆண்டுகள் கழித்து, அதே ஆற்றில் சற்று மேலே பில்ட்வாஸில் தாமஸ் டெல்ஃபோர்ட் ஓர் இரும்புப் பாலம் கட்டினார். அது 130 அடி தாண்டியது. இரும்பு 173 டன்தான் பிடித்தது. பொருளின் குணம் பிடிபட்டதும் பாதி எடை குறைந்துவிட்டது.

பொறியாளர்கள் பதினேழு ஆண்டில் கற்றதைக் கட்டட உலகம் ஏற்க நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. நவீனக் கட்டடக்கலை என்றதும் வெள்ளைச் சுவரும் தட்டையான கூரையும் அகன்ற கண்ணாடியும் நினைவுக்கு வரும். 1920-களில் சில ஐரோப்பியக் கட்டடக் கலைஞர்கள் தோற்றுவித்த பாணி என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் அதற்கு வேண்டிய இரும்பும் எஃகும் தாள் கண்ணாடியும் கம்பி கட்டிய கான்கிரீட்டும் லிஃப்டும் 1900-க்கு முன்பே விலைக்குக் கிடைத்தன. பொருள் எப்போதோ தயார். அதை மூடி மறைக்காமல் பார்க்க மனிதர்களின் கண் தயாராகத்தான் இவ்வளவு காலம் பிடித்தது. அந்தக் கண் மாறியதற்கும் தொழிற்சாலைதான் காரணம், ஆனால் வேறொரு வழியில்.

தீக்குப் பயந்து வந்த சட்டகம்

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நூற்பாலைகள் அடிக்கடி எரிந்தன. இயந்திரத்திலிருந்து சொட்டிய எண்ணெயில் ஊறிய மரத்தளம், காற்றில் மிதக்கும் நார்த்தூசி, வெளிச்சத்துக்கு எரியும் திரி விளக்கு என்று எல்லாம் ஒரே கூடத்தில். 1796-இல் லீட்ஸில் ஓர் ஆளிநார் ஆலை எரிந்தது. அதன் உரிமையாளர்கள் ஷ்ரூஸ்பரியில் அடுத்த ஆலையைக் கட்டியபோது சார்லஸ் பேஜ் உள்ளே மரத்தையே நீக்கிவிட்டார். தூணும் உத்தரமும் வார்ப்பிரும்பு. உத்தரத்துக்கு உத்தரம் செங்கல்லால் ஒரு சிறு வளைவு, அதன் மேல் நிரப்பி மட்டம் செய்த தரை. 1797-இல் முடிந்த அந்த ஐந்து மாடி ஆலைதான் உலகின் முதல் இரும்புச் சட்டகக் கட்டடம். தமிழ்நாட்டின் பழைய ரயில்வே கட்டடங்களில் அண்ணாந்து பார்த்தால் இரும்பு உத்தரங்களுக்கு நடுவே வரிசையாகச் செங்கல் வளைவுகள் தெரியுமே, ஜாக் ஆர்ச் என்பார்கள், அது இந்த ஆலைத் தளத்தின் வழிவந்ததுதான்.

வார்ப்பிரும்புக்கு ஒரு பெரிய குறை உண்டு. அழுத்தினால் தாங்கும், இழுத்தால் சட்டென்று முறியும். தூணுக்கு அது பொருத்தம், ஏனென்றால் தூணில் பாரம் மேலிருந்து கீழே அழுத்துகிறது. உத்தரத்தின் கதை வேறு. பாரம் ஏறினால் உத்தரம் நடுவில் தொய்யும். அப்போது மேல் விளிம்பு நெரிபடும், கீழ் விளிம்பு இழுபடும். இதைச் சோதித்துக் கணக்கிட்ட ஈட்டன் ஹாட்ஜ்கின்சன், கீழ்த் தகட்டின் பரப்பு மேல்தகட்டைப் போல ஆறு மடங்கு இருக்க வேண்டும் என்று 1830 வாக்கில் கண்டுபிடித்தார். அப்படியும் நீண்ட உத்தரங்கள் நம்பகமாக இல்லை. 1847 மே மாதம் செஸ்டரில் டீ ஆற்றுப் பாலத்தின் வார்ப்பிரும்பு உத்தரம் ரயில் போகும்போதே முறிந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகு இழுவிசை வரும் இடங்களுக்குத் தேனிரும்பை நாடினார்கள். 1856-இல் ஹென்றி பெஸ்ஸமர் எஃகை மலிவாகச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். அவருடைய உலை தாதுவிலிருந்த பாஸ்பரஸை நீக்காததால் எஃகு நொறுங்கியது. 1878-இல் கில்கிரிஸ்ட் தாமஸ் உலையின் உட்பூச்சை மாற்றிச் சரிசெய்த பிறகுதான் எந்தத் தாதுவிலும் நல்ல எஃகு எடுக்க முடிந்தது.

ஷ்ரூஸ்பரி ஆலையின் வெளிப்புறம் வெறும் செங்கல் சுவர். உள்ளே இருந்த புதுமை தெருவுக்குத் தெரியவில்லை. ஆலை, கிடங்கு, ரயில் கொட்டகை, செடி வளர்க்கும் கண்ணாடி வீடு இவற்றையெல்லாம் அந்தக் காலத்தில் யாரும் கட்டடக்கலையில் சேர்க்கவில்லை. சேர்க்காததால் யாரும் குறுக்கே நிற்கவும் இல்லை. இரும்பு வளர்ந்தது அந்தக் கவனிப்பில்லாத இடங்களில்தான்.

ஒரு தோட்டக்காரரின் கண்ணாடி மண்டபம்

அப்படிக் கவனிப்பில்லாமல் வளர்ந்த ஒன்று திடீரென்று உலகத்தின் நடுவில் வந்து நின்றது 1851-இல். லண்டன் ஹைட் பார்க்கில் சர்வதேசப் பொருட்காட்சி நடத்தத் திட்டம். கட்டடத்துக்காக 245 வடிவமைப்புகள் வந்தன, ஒன்றும் தேறவில்லை. குழு தானே வரைந்த செங்கல் மண்டபத்தைக் குறித்த காலத்தில் கட்டி முடிக்க வழியில்லை. 1850 ஜூனில் ஜோசப் பாக்ஸ்டன் மை ஒற்றும் தாளில் ஒரு படம் கிறுக்கினார். அவர் கட்டடக் கலைஞர் அல்ல. சாட்ஸ்வர்த் மாளிகையின் தோட்டப் பொறுப்பாளர். பெரிய கண்ணாடிச் செடிவீடுகள் கட்டிப் பழகியவர். 1851 மே 1 அன்று பொருட்காட்சி திறந்தது.

1,848 அடி நீளம், 408 அடி அகலம். ஆண்டோடு பொருந்தட்டும் என்று 1,851 அடி என எழுதுகிறவர்கள் உண்டு, அது தவறு. 24 அடிக் கட்டம்தான் நீளத்தை முடிவு செய்தது: 24 அடியை 77 முறை வைத்தால் 1,848.

எப்படி இவ்வளவு வேகம்? விடை உறுப்புகளில் இருக்கிறது. எல்லாத் தூண்களுக்கும் வெளி விட்டம் ஒன்றே, 8 அங்குலம். பாரம் கூடும் இடத்தில் தூணைப் பருமனாக்கவில்லை. குழாயின் சுவரைத் தடிமனாக்கினார்கள். வெளி அளவு மாறாததால் தூணுக்கும் தூணுக்கும் நடுவே வரும் உத்தரத்தின் நீளமும் மாறவில்லை. எந்த உத்தரத்தையும் எந்த இடத்திலும் மாட்டலாம். இரும்புப் பாலத்தில் ஒவ்வொரு துண்டும் ஓர் இடத்துக்கு மட்டுமே சொந்தம் என்றிருந்ததை நினைத்துப் பார்த்தால் 72 ஆண்டில் வந்த மாற்றம் புரியும். எந்த வார்ப்பும் ஒரு டன்னுக்கு மேல் எடை இல்லை. ஒவ்வொரு உத்தரத்தையும் களத்திலேயே நீரழுத்தப் பொறியில் வைத்துச் சோதித்த பிறகே தூக்கினார்கள்.

தூண்கள் உள்ளே பொள்ளல். கூரைத் தண்ணீர் அவற்றின் வழியே இறங்கியது. கூரை மேடும் பள்ளமுமாக மடிந்தது. பள்ளத்தில் ஓடிய மரக் காடிகள்தான் பாக்ஸ்டனின் நுட்பம்: மேலே ஒரு குடைவு மழைநீருக்கு, இரு பக்கமும் ஒவ்வொரு சிறு குடைவு கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்து வழியும் நீருக்கு. அந்தக் காடிகளை இயந்திரத்தில் அறுத்துத் தள்ளினார்கள். காடிகளையே தண்டவாளமாக்கி அவற்றின் மேல் தள்ளுவண்டிகளை ஓட்டி, அதில் உட்கார்ந்தபடியே கண்ணாடி பதித்தார்கள். 49 அங்குலத்துக்கு 10 அங்குலம், இதுதான் கண்ணாடி அளவு. ஏறக்குறைய 3 லட்சம் சில்லுகள். ஒரே வாரத்தில் 80 பேர் 18,000-க்கும் மேல் பதித்தார்கள்.

கண்ணாடி இவ்வளவு தாராளமாகக் கிடைத்ததற்கு வரியும் காரணம். பிரிட்டனில் கண்ணாடி மீதான தீர்வை 1845-இல்தான் நீங்கியது. அந்தத் தீர்வை நீடித்திருந்தால் இந்த மண்டபம் காகிதத்தோடு நின்றிருக்கும்.

குறைகளும் உடனே தெரிந்தன. மழைக்கு ஒழுகியது. கோடையில் உள்ளே வெந்தது. கூரை மேல் வெள்ளைத் துணி விரித்தார்கள், சுவர்களில் திறந்து மூடும் தகடுப் பலகணிகள் வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வெயில் புகுந்தால் வெப்பம் வெளியேறாது என்பது செடி வளர்ப்பவருக்குத் தெரியாததல்ல. செடிவீட்டின் நோக்கமே அதுதான். இந்தச் சிக்கல் அடுத்த நூறு ஆண்டும் நவீனக் கட்டடங்களைத் துரத்தியது.

அலங்காரம் மலிவானபோது

மண்டபத்தின் சட்டகம் இவ்வளவு மொட்டையாக இருந்தது. அதற்குள் காட்சிக்கு வைத்த பொருட்களோ நேர் எதிர். நாற்காலிக் காலில் கொடி, கடிகாரத்தில் தேவதைகள், தரைவிரிப்பில் நிஜம் போல எழும்பும் ரோஜாக்கள். இவற்றில் கணிசமானவை இயந்திரம் பெற்றவை.

முந்தைய நூற்றாண்டில் ஒரு நாற்காலியில் செதுக்கு வேலை இருந்தால் அதன் உரிமையாளர் ஒரு கைவினைஞரின் பல வாரக் கூலியைக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். அலங்காரம் செல்வத்தின் சான்றாக இருந்தது அதனால்தான். 1840-இல் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றது, வெள்ளிப் பூச்சு எல்லார் வீட்டுக்கும் வந்தது. 1845-இல் டி. பி. ஜோர்டானின் மரச் செதுக்குப் பொறி வந்தது. லண்டன் நாடாளுமன்றத்தின் மர வேலைகளில் பலவற்றை அதுதான் குடைந்தது. சுவர்த்தாள் உருளையில் அச்சானது. பித்தளைப் பூவேலை அச்சில் அடித்து வந்தது. இருபது முப்பது ஆண்டுக்குள் எந்த நடுத்தரக் குடும்பமும் அரண்மனை போல வீட்டை நிரப்பிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது.

எல்லாரிடமும் இருப்பதற்குப் பெருமை இருக்காது. பூவேலை மலிவானதும் கல்வியும் வசதியும் உள்ளவர்களின் ரசனை அதிலிருந்து விலகத் தொடங்கியது. நவீனத்தின் மொட்டைத் தோற்றத்துக்கு ஏராளமான தத்துவ விளக்கங்கள் பின்னால் வந்தன. ஆனால் அடியில் ஓடிய விசை இதுதான் என்று கருத வலுவான காரணங்கள் இருக்கின்றன: இயந்திரம் அலங்காரத்தைத் தாராளமாக்கியது, எளிமை அரிதானது, அரிதானது உயர்ந்தது.

அந்தப் பொருட்காட்சியைப் பார்த்து வருந்தியவர்களில் அதை நடத்தியவர்களே இருந்தார்கள். ஹென்றி கோல், ஓவன் ஜோன்ஸ் போன்றோர் ஐரோப்பிய ஆலைப் பொருட்களை விட்டுவிட்டு இந்தியத் துணிகளைப் பாராட்டினார்கள். இந்திய நெசவில் பூ தட்டையாகவே இருந்தது. துணியின் தளத்தை மீறி எழும்பி நிஜப் பூவாக நடிக்கவில்லை. பொருள் எதுவோ அதற்கேற்ற அலங்காரம் என்ற பாடத்துக்கு அவற்றை மாதிரியாகக் காட்டினார்கள். அப்போது வாங்கிய பொருட்கள்தான் பிறகு விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகமாக வளர்ந்த தொகுப்பின் தொடக்கத்தில் இருக்கின்றன.

ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் இன்னொரு பக்கம் போனார். இயந்திரமே வேண்டாம், கைவேலைக்குத் திரும்புவோம் என்றார். அவருக்காக ஃபிலிப் வெப் 1860-இல் கட்டி முடித்த சிவப்பு வீடு, சாந்து பூசி மறைக்காத செங்கல் சுவர்களோடு நின்றது. வசதியான வீடென்றால் கல் போல நடிக்கும் பூச்சு வேண்டும் என்றிருந்த காலம் அது. மோரிஸின் கொள்கை நெஞ்சைத் தொடுவது. ஆனால் கையால் செய்த பொருளின் விலை அவர் யாருக்காகப் பேசினாரோ அந்த உழைப்பாளிக்கு எட்டவே இல்லை. பொருளை மறைக்காதே என்ற பாதி மட்டும் பிழைத்தது.

ஒரே நிலையத்துக்கு இரண்டு முகம்

கண் எவ்வளவு பின்தங்கியிருந்தது என்பதற்கு லண்டன் செயின்ட் பான்கிராஸ் நிலையம் போதும். பின்னால் வில்லியம் பார்லோ 1868-இல் எழுப்பிய ரயில் கொட்டகை: நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் சுமார் 240 அடி தாண்டும் ஒற்றை வளைவு. வளைவின் கால்கள் வெளிப்பக்கம் உதைக்கும். அந்த உதைப்பைப் பிடிக்கப் பெரிய முட்டுச் சுவர் தேவை. பார்லோ அதற்கு நடைமேடையின் தளத்தையே பயன்படுத்தினார். தளத்துக்கு அடியில் ஓடும் உத்தரங்கள் இரண்டு கால்களையும் வில்லின் நாண் போல இழுத்துப் பிடிக்கின்றன. தளம் தெருவை விட உயரம் என்பதால் கீழே கிடங்கு கிடைத்தது. அங்கே பர்ட்டன் ஊரிலிருந்து வரும் பீர்ப் பீப்பாய்களை அடுக்கத் திட்டம். அதனால் கீழ்த்தளத் தூண்களின் இடைவெளியைப் பீப்பாய்க் கணக்கிலேயே வகுத்தார்கள்: 14 அடி 8 அங்குலம்.

முன்னால் கில்பர்ட் ஸ்காட் கட்டிய விடுதி கூர்மாடங்களும் கூர்வளைவுகளும் கொண்ட, இடைக்காலத் தேவாலயங்களைப் பின்பற்றும் கோதிக் பாணி மாளிகை. இரண்டுக்கும் பேச்சு வார்த்தையே கிடையாது. அந்தக் காலத்தில் யாருக்கும் அது முரணாகத் தோன்றவில்லை. ரயிலுக்குப் பொறியாளர், ஊருக்குக் கட்டடக் கலைஞர்.

இருபது ஆண்டு கழித்து, 1889-இல் பாரிஸில் ஐஃபெல் கோபுரம். 300 மீட்டர் உயரம், 18,038 உறுப்புகள், 25 லட்சம் ரிவெட்டுகள். கட்டும்போதே எழுத்தாளர்களும் ஓவியர்களும் கண்டனக் கடிதம் எழுதினார்கள். அடியில் நான்கு கால்களையும் இணைக்கும் பெரிய வளைவுகள் இருக்கின்றனவே, கோபுரத்தைத் தாங்குவது அவை அல்ல. பெரிய பாரத்துக்குக் கீழே வளைவு இருந்து பழகிய கண்ணைச் சமாதானப்படுத்த ஸ்டீஃபன் சோவெஸ்டர் சேர்த்த அலங்காரம்.

சிகாகோ: வாடகைக் கணக்கில் உதிர்ந்த பூவேலை

1871 அக்டோபரில் சிகாகோவின் நடுப்பகுதி எரிந்தது. இரும்பு எரியாது என்று நம்பிக் கட்டியவை நெருப்பில் வளைந்து சரிந்தன. அந்தத் தீ கற்பித்த பாடம்: இரும்பு எரியாவிட்டாலும் சூட்டில் வலு இழக்கும், ஆகவே அதைச் சுட்ட மண் ஓடுகளால் போர்த்த வேண்டும். உள்ளே பொள்ளலான டெரகோட்டா ஓடுகளால் தூணையும் உத்தரத்தையும் சுற்றிக் கட்டும் பழக்கம் இதன் பிறகு வந்தது.

நிலத்தின் விலை ஏறியது, லிஃப்ட் வந்துவிட்டது. எலிஷா ஓடிஸ் கயிறு அறுந்தாலும் விழாத லிஃப்டை 1854-இல் நியூயார்க்கில் செய்து காட்டினார். 1857-இல் ஒரு கடையில் ஆட்கள் ஏறும் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. படி ஏறிப் போக வேண்டிய காலத்தில் மேல்மாடிக்கு வாடகை குறைவு. லிஃப்ட் அதைத் தலைகீழாக்கியது.

உயரே போக ஆசை, ஆனால் செங்கல் விடவில்லை. மாடி கூடக் கூடக் கீழ்ச்சுவர் தடிக்க வேண்டும். 1891-இல் முடிந்த மொனாட்நாக் கட்டடம் 16 மாடி, முழுக்கச் செங்கல் சுவர் தாங்குவது. தரைத்தளத்தில் சுவரின் தடிமன் 6 அடி. கடைக்கு வாடகை விட வேண்டிய இடத்தைச் சுவரே விழுங்கியது. அடியில் சிகாகோவின் களிமண். கட்டடம் 8 அங்குலம் இறங்கும் என்று கணக்கிட்டார்கள். காலப்போக்கில் 20 அங்குலம் வரை இறங்கியது. 1893-இல் அதே கட்டடத்தின் தெற்குப் பகுதியைச் சேர்த்தபோது எஃகுச் சட்டகத்துக்கு மாறிவிட்டார்கள். இன்றும் இரண்டையும் ஒட்டிப் பார்க்கலாம்.

முதலில் கட்டிய அந்தச் செங்கல் பகுதியில், அதாவது வடக்குப் பகுதியில், பூவேலை கிடையாது. ஜான் ரூட் வரைந்த சுவர் அடியில் மெல்ல விரிந்து, உச்சியில் வெளிப்பக்கம் வளைந்து முடிகிறது, அவ்வளவுதான். இப்போது பார்ப்பவர்கள் அதை நவீன ரசனையின் முன்னறிவிப்பு என்பார்கள். மொட்டையாக வேண்டும் என்று கேட்டவர் பணம் போட்ட பாஸ்டன்காரர் பீட்டர் புரூக்ஸ். துருத்திக்கொண்டிருக்கும் எதிலும் அழுக்கு சேரும், புறாவும் குருவியும் வந்து அடையும், அதனால் கட்டடத்தின் வலு கூடப்போவதும் இல்லை என்பது அவர் எழுதிய காரணம். பராமரிப்புச் செலவு ஒரு அழகியலைப் பெற்றெடுத்தது.

எஃகுச் சட்டகத்தின் தொடக்கமாகப் பலரும் சொல்லும் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் (1885, வில்லியம் லெ பரோன் ஜென்னி) முழுச் சட்டகம் அல்ல. அடித்தளத்தில் கருங்கல் தூண்கள் பாரம் தாங்கின. மேல்மாடிகளில் மட்டுமே எஃகு உத்தரங்கள் வந்தன. முழுமையாக மலர்ந்தது 1895-இன் ரிலையன்ஸ் கட்டடத்தில். சுவர் எதையும் தாங்கவில்லை என்பதால் முகப்பு முழுக்கக் கண்ணாடி. நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு பெரிய நிலைக் கண்ணாடி, இரு பக்கமும் காற்றுக்குத் திறக்கும் குறுகிய சன்னல். மீதி இடத்தில் மெருகிட்ட வெள்ளை டெரகோட்டா, நிலக்கரிப் புகை படிந்தால் கழுவிவிடலாம் என்பதற்காக.

இவ்வளவுக்கும் நடுவே, 1893-இல் அதே நகரம் உலகப் பொருட்காட்சி நடத்தியபோது இரும்புக் கூடுகளின் மேல் நார் கலந்த பிளாஸ்டரைப் பூசி ரோமானிய மண்டபங்களாக்கி வெள்ளையடித்தது. மக்கள் மயங்கிப் போனார்கள். அமெரிக்காவின் வங்கிகளும் நூலகங்களும் அடுத்த ஒரு தலைமுறைக்குத் தூண் வரிசைகளோடுதான் எழுந்தன. ரசனை நேர்கோட்டில் முன்னேறும் என்று நம்புகிறவர்கள் இந்த ஆண்டைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கம்பியும் கான்கிரீட்டும்

கான்கிரீட்டுக்கும் வார்ப்பிரும்பின் அதே குறை: அழுத்தம் தாங்கும், இழுவை தாங்காது. இழுபடும் பக்கத்தில் கம்பி வைத்தால் குறை தீரும். 1867-இல் ஜோசப் மோனியே காப்புரிமை பெற்றது செடித் தொட்டிகளுக்கு. இங்கேயும் ஒரு தோட்டக்காரர்தான். இந்த இணை வேலை செய்வதற்கு இரண்டு நல்வாய்ப்புகள் காரணம். சூட்டில் எஃகும் கான்கிரீட்டும் ஏறக்குறைய ஒரே அளவு விரிகின்றன, ஆகவே ஒன்றையொன்று பிளப்பதில்லை. சிமெண்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது.

1892-இல் ஃபிரான்சுவா என்பீக் இதை முழுச் சட்டகமாக்கினார். தூணும் உத்தரமும் தளமும் ஒரே வார்ப்பு. உத்தரத்தின் கீழே நீளக் கம்பிகள், முனைகளுக்கு அருகே மேல் நோக்கி வளைத்தவை, குறுக்கே சுற்றுக் கம்பிகள். இன்று நம் ஊர்க் கட்டட வேலையில் ரிங் என்று சொல்லிக் கட்டுவது அந்தக் குறுக்குக் கம்பியின் வாரிசுதான். 1901-இல் பாஸல் நகரில் அவருடைய முறையில் எழுந்துகொண்டிருந்த ஒரு விடுதி இடிந்து விழுந்தது. அதன் பிறகே சுவிட்சர்லாந்தில் கான்கிரீட்டுக்கு விதிமுறை எழுதத் தொடங்கினார்கள்.

ஓகஸ்த் பெரே 1903-இல் பாரிஸின் ஃபிராங்க்ளின் தெருவில் கட்டிய குடியிருப்பு கண்ணின் நிலையைத் துல்லியமாகச் சொல்கிறது. சட்டகம் கான்கிரீட், தெருவிலிருந்து பார்த்தாலே எது தூண், எது இடைநிரப்பு என்று தெரியும். ஆனால் கான்கிரீட்டை நேரே காட்டத் துணியவில்லை. சட்டகத்தின் மேல் மொட்டை ஓடு, நிரப்புச் சுவரில் இலை வடிவ ஓடு. இருபது ஆண்டு கழித்து ரான்சி தேவாலயத்தில் அதே பெரே கான்கிரீட்டை அப்படியே விட்டார். அங்கே வேறு சிக்கல்: கம்பிக்கு மேல் கான்கிரீட் மெலிந்தால் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே ஊடுருவிக் காரத்தைக் குறைக்கும், கம்பி துருவேறி உப்பும், மேலோடு வெடித்து உதிரும். அந்தத் தேவாலயத்தின் மெல்லிய பின்னல் சுவர்களுக்கு நேர்ந்தது இதுதான்.

இரண்டும் சந்தித்த ஐந்து ஆண்டுகள்

1907 முதல் 1911 வரை ஜெர்மனியிலும் வியன்னாவிலும் பொருள், ரசனை என்ற இரண்டு ஓட்டங்களும் ஒன்று சேர்ந்தன. 1907-இல் மியூனிக்கில் வெர்க்பண்ட் என்ற சங்கம் பிறந்தது. ஆலை முதலாளிகளும் கலைஞர்களும் ஒரே மேசையில். அதன் முக்கிய மூளை ஹெர்மான் முத்தேசியஸ் ஏழு ஆண்டு லண்டனில் இருந்து ஆங்கில வீடுகளை ஆராய்ந்தவர். மோரிஸின் நேர்மை வேண்டும், ஆனால் இயந்திரத்தோடு வேண்டும் என்பது அவர் கண்ட வழி.

அதே ஆண்டு ஏஇஜி மின்சார நிறுவனம் பீட்டர் பெரன்ஸை அமர்த்தியது. விளம்பரத் தாள், விளக்கு, கெட்டில், தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் ஒரே கை. கெட்டில்களின் உடல், மூடி, பிடி ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்துச் சுமார் 30 வகைகள் விற்றார்கள். பாக்ஸ்டனின் தூண் தத்துவம் அடுப்படிக்கு வந்தது. 1909-இல் பெர்லினில் டர்பைன் கூடம். தெருவோரமாக நடந்தால் எஃகுத் தூண்கள் நிற்கும் கீல்கள் கைக்கு எட்டும் உயரத்தில் தெரியும். கூடத்தின் பாரம் தரைக்கு இறங்கும் இடத்தை மூடாமல் விட்டிருக்கிறார் பெரன்ஸ். ஆனால் முகப்பின் இரு மூலைகளிலும் கோட்டைச் சுவர் போல நிற்கும் கான்கிரீட் எதையும் தாங்குவதில்லை. மூலை கனமாக இருந்தால்தான் கட்டடம் நிற்கும் என்று நம்பும் கண்ணுக்காக வைத்தது.

அவரிடம் வேலை பார்த்த வால்டர் குரோப்பியஸ் அந்த மூலையை எடுத்துவிட்டார். 1911-இல் ஆல்ஃபெல்ட் ஊரில் ஃபாகுஸ் காலணி அச்சுத் தொழிற்சாலை. உள் அமைப்பை வேறொருவர் ஏற்கெனவே வகுத்துவிட்டார். குரோப்பியஸுக்கும் அடால்ஃப் மையருக்கும் கிடைத்தது முகப்பு மட்டும். செங்கல் தூண்களை மேலே போகப் போக உள்பக்கம் சாய்த்தார்கள், கண்ணாடியை நேர் செங்குத்தாகத் தொங்கவிட்டார்கள். அதனால் கண்ணாடி முன்னே, தூண் பின்னே. மூலையில் தூணே இல்லை. இரண்டு கண்ணாடித் திரைகள் வெறும் காற்றில் சந்திக்கின்றன. செவர்ன் பாலத்திலிருந்து இந்த மூலைக்கு வந்துசேர 132 ஆண்டு.

வியன்னாவில் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ் அலங்காரத்தைக் கூலிக் கணக்கில் எதிர்த்தார். பூவேலை போட்ட பொருள் தேய்வதற்கு முன்பே அந்த மோஸ்தர் போய்விடுகிறது, செலவிட்ட உழைப்பு வீண் என்றார். 1910-இல் அரண்மனைக்கு எதிரே அவர் எழுப்பிய கட்டடத்தின் மேல்மாடிகள் வெறும் வெள்ளைச் சுவர். நகர நிர்வாகம் வேலையை நிறுத்தியது. சன்னல்களில் பூந்தொட்டிகள் வைத்த பிறகே விட்டது. கீழ்த்தளத்தை மறக்கக் கூடாது: அங்கே கிரேக்கத்தின் பச்சை வரிப் பளிங்கு. எளிமை மலிவானதாக இருக்கவில்லை.

கண் வெறுமையை ஏற்கக் காசநோயும் ஒரு காரணம். ராபர்ட் கோஹ் 1882-இல் அதன் கிருமியைக் கண்ட பிறகு, தடித்த திரைச்சீலையும் செதுக்கு மேசையும் தரைவிரிப்பும் தூசி தங்கும் இடங்களாகத் தெரிந்தன. வெள்ளைச் சுவர், கழுவத் தக்க தரை, வெயில் காயும் மொட்டை மாடி இவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தவை.

ரசனை முந்திக்கொண்டபோது

1920-களில் நிலைமை தலைகீழ். இப்போது கண் முன்னால் ஓடியது, தொழில்நுட்பம் மூச்சு வாங்கியது. பாட்ஸ்டாமில் எரிக் மெண்டல்சோன் கட்டிய ஐன்ஸ்டைன் கோபுரம் (1921) ஒரே வார்ப்பில் குழைத்த கான்கிரீட் போலத் தோன்றும். உண்மையில் பெரும்பகுதி செங்கல், மேலே சாந்து. அந்த வளைவுகளுக்கு மரப்பலகை அடித்து வார்ப்பது அன்றைக்குக் கைகூடவில்லை. செங்கல்லும் கான்கிரீட்டும் வெவ்வேறு விதமாக அசைந்ததால் விரிசல் விட்டு ஈரம் புகுந்தது; சில ஆண்டுகளிலேயே பழுது பார்க்க வேண்டியதாயிற்று.

லெ கொர்பூசியே பாரிஸுக்கு வெளியே கட்டிய சவோய் வீடு (1931) இயந்திரம் செய்தது போல மழமழவென்று நிற்கும். அந்தச் சுவர்களைக் கையால் பூசியவர்கள் கொத்தனார்கள். தட்டைக் கூரை ஒழுகியது. உரிமையாளர்கள் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார்கள். சரிவான ஓட்டுக் கூரை தண்ணீரைத் தள்ளிவிடும். தட்டைக் கூரை நீரைத் தாங்கி நிற்கும். அதன் காப்பு முழுக்க நீர்த்தடுப்புப் படலத்தின் இணைப்புகளிலும் ஓரங்களிலும் இருக்கிறது. அந்தப் படலங்கள் அன்றைக்கு அவ்வளவு தேறவில்லை. ஜெர்மனியின் டெசாவ் நகரில் பௌஹௌஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியின் கண்ணாடித் திரை (1926) ஒற்றைக் கண்ணாடி, எஃகுச் சட்டம். கோடையில் வெந்தது, பனியில் உறைந்தது. ஹைட் பார்க்கில் துணி விரித்த அதே பிரச்சினை.

அந்தப் பிரச்சினைக்கு நல்ல விடைகளில் ஒன்று புதுச்சேரியில் நிற்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி, வடிவமைத்தவர் செக் நாட்டில் பிறந்த ஆன்டனின் ரேமண்ட். டோக்கியோவில் ஃபிராங்க் லாய்ட் ரைட்டிடம் வேலை பார்த்தவர். ஜார்ஜ் நாகாஷிமாவும் ஃபிரான்சுவா சாமரும் களத்தில் இருந்து கட்டினார்கள். 1937-இல் தொடங்கி 1940-களின் நடுவில் நிறைவேறிய இந்தக் கான்கிரீட் கட்டடத்துக்குப் பூச்சு இல்லை, பூவேலை இல்லை, சன்னல் கண்ணாடியும் இல்லை. நீண்ட இரு முகங்களும் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. அந்த முகங்களில் சுவர் இருக்க வேண்டிய இடம் முழுக்கத் தரையிலிருந்து உச்சி வரை திருப்பக்கூடிய கிடைத் தகடுகள். மழை அடித்தால் மூடலாம், காற்று வந்தால் திறக்கலாம், வெளிச்சத்தை வேண்டிய அளவுக்குச் சாய்த்துக்கொள்ளலாம். அறைக்கும் நடைவழிக்கும் இடையே காற்றுப் புகும்படி சட்டங்கள் இட்ட நகரும் தேக்குக் கதவு, அதனால் கதவைச் சாத்தினாலும் காற்று ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்குப் போய்விடும். தட்டைக் கூரைக்கு மேலே, சற்று இடைவெளி விட்டு, முன்வார்த்த வளைந்த கான்கிரீட் ஓடுகளால் இன்னொரு கூரை. வெயிலை மேல் ஓடு வாங்கிக்கொள்கிறது. இடைவெளியில் ஓடும் காற்று சூட்டை எடுத்துப் போகிறது. கீழ்த்தளத்தின் கான்கிரீட் நிழலிலேயே இருக்கிறது.